கம்பியா, சூடா, குளிசையா: பார்கின்சன் சத்திரசிகிச்சையை யாழ்ப்பாணத்தில் இருந்து யோசிக்கையில்

மாமா கோண்டாவில் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதியே முப்பது வருடம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது அவர் எழுதுவது தன் உடம்பின் கணக்கு. ஒற்றை ரூல் கொப்பியில் கோடு போட்டு, '6.00 குளிசை. 6.45 வந்தது. 8.50 போனது. 9.00 குளிசை. 9.55 வந்தது' என்று நாள் முழுக்க எழுதுகிறார். வந்தது என்றால் கைகால் இளகிவிட்டது. போனது என்றால் விறைத்துவிட்டது. போன நேரத்தில் எழுதிய எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிறுத்துக் கிடக்கும். வந்த நேரத்தில் எழுதியது பழைய டிப்போ எழுத்து. ஒரு சொல்லும் வாசிக்காமல், எழுத்தின் அளவை மட்டும் பார்த்தே அன்றைய நாள் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம்.

வயது 66. பார்கின்சன் என்று சொல்லி ஒன்பது வருடம். ஒப்பரேஷன் செய்தால் என்ன என்ற பேச்சு போன மாரியில் வீட்டுக்குள் வந்தது. கனடாவில் இருக்கும் மச்சான், தலைக்குள் கம்பி வைக்கும் முறையைச் சொல்லி, காசுக்கு யோசிக்கவேண்டாம் என்றார். மாமியின் தங்கை வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்: நடுங்கும் கையால் ஒரு சுருள்கோடு கீறமுடியாத மனிதர், சில மணித்தியாலம் கழித்து அதையே வடிவாகக் கீறுகிறார், வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பக்கத்து வளவுக்காரர் பூனைக்காலி விதையைப் பொடித்துப் பாலில் குடிக்கச் சொன்னார். மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கேட்டார்: "மோனை, தலையிலை கம்பி, நெஞ்சிலை பெட்டி. பிறகு நான் மனிசனோ, ரேடியோவோ?"

நான் வைத்தியன் இல்லை. வாசித்ததையும், மாமாவோடு கிளினிக்குக்குப் போய்க் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். இதே பேச்சு நடக்கிற வேறு வீடுகளும் இருக்கும்.

குளிசை செய்வதைத்தான் கம்பியும் செய்யும்

இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாமல் எந்த முறையையும் ஒப்பிடமுடியாது. பார்கின்சனில் மூளையின் அடியில், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. 1960களின் கடைசியில் வந்த லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. இன்றைக்கும் அதை மிஞ்சின குளிசை இல்லை. முதல் சில வருடம் மிச்சமிருக்கும் கலங்கள் அதைச் சேமித்து வைத்து அளந்து விடும்; அதனால் ஒரு நேரக் குளிசை பிந்தினாலும் உடம்புக்குத் தெரியாது. கலங்கள் குறையக் குறையச் சேமிக்க இடமில்லாமல் போகிறது. லெவோடோபா இரத்தத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. சேமிப்பு இல்லாதவருக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் அப்படியே உடம்பில் தெரியும். ஏறிய நேரத்தில் தோளும் கழுத்தும் தன்பாட்டில் நெளியும். இறங்கிய நேரத்தில் கதிரையில் இருந்து எழும்பமுடியாது.

சத்திரசிகிச்சை இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான். குளிசை எதை இளக்குகிறதோ அதைத்தான் அதுவும் இளக்கும். குளிசைக்கு அசையாததை அதுவும் அசைக்காது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு: குளிசைக்கு அடங்காத நடுக்கம் சத்திரசிகிச்சைக்கு அடங்குவதுண்டு. ஆகவே மாமாவுக்கு இன்றைக்கு இருக்கும் ஆக நல்ல மணித்தியாலத்தை விட நல்ல மணித்தியாலம் ஒன்றை எந்த முறையும் தரப்போவதில்லை. அந்த மாதிரி மணித்தியாலங்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தரும். நல்ல நேரத்திலும் விழுந்து எழும்புகிறவருக்கு, வாசல்படியில் கால் ஒட்டிக்கொள்கிறவருக்கு, சாப்பாடு புரைக்கேறுகிறவருக்கு, பேர்கள் மறந்துபோகிறவருக்கு இந்த வழிகளில் பெரிய ஆறுதல் இல்லை. சிலருக்கு அவையே கூடிப்போகும். வியாதி வளர்வதையும் எதுவும் நிறுத்தாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. முதல் நாள் இரவில் இருந்து குளிசையை நிறுத்திவிட்டு, விடியப் புள்ளி போடுவார்கள்: விரல் தட்டு, கையை விரி, கதிரையில் இருந்து எழும்பு, நட. பிறகு நல்ல அளவு லெவோடோபா கொடுத்து, அது ஏறியதும் திரும்பப் புள்ளி போடுவார்கள். முப்பது வீதமாவது முன்னேற்றம் இருந்தால்தான் பொதுவாக மேற்கொண்டு பேசுவார்கள். ஒரு பெரிய ஸ்கானும் இல்லாமல், ஒரு காலைப் பொழுதில், இந்த மனிதனுக்கு ஒப்பரேஷன் எவ்வளவு தரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே காட்டிவிடும் சோதனை இது. பார்கின்சன் மாதிரியே தொடங்கி வேறாகப் போகும் வியாதிகளையும் இது பிடித்துக்கொடுக்க உதவும். அந்த வியாதிக்காரருக்குக் கம்பி வைப்பது வீண்.

எப்போது இந்தப் பேச்சை எடுப்பது என்பதற்கும் நரம்பியல்காரரிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: ஐந்து, இரண்டு, ஒன்று. நாளுக்கு ஐந்து தரமோ அதற்கு மேலோ லெவோடோபா, நாளுக்கு இரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ 'போன' நேரம், ஒரு மணித்தியாலமாவது தொல்லை தரும் நெளிவு. இதில் ஒன்று இருந்தாலே, குளிசைக்கு அப்பால் என்ன செய்யலாம் என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது. மாமாவுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன.

கம்பி

ஆழ்மூளைத் தூண்டல் என்று எழுதுகிறார்கள். வைத்தியர் வாயில் டி.பி.எஸ். மண்டையில் இரண்டு சிறு துளை, இரண்டு மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் வயர், நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பெட்டி. கம்பியின் நுனி மூளைக்குள் ஒரு சிறு கணுவில் போய் நின்று ஓயாமல் மின்துடிப்புக் கொடுக்கிறது. பல இடங்களில் ஆளை விழிப்பாக வைத்தே செய்கிறார்கள், குளிசை போடாத நிலையில். விரலை ஆட்டச் சொல்லிப் பார்த்துப் பார்த்துக் கம்பியை இறக்குவார்கள்.

இது வந்த கதை சுவையானது. 1952இல் அமெரிக்காவில் ஏர்விங் கூப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பார்கின்சன்காரர் ஒருவருக்கு வேறு ஒரு ஒப்பரேஷன் செய்கையில் மூளையின் சிறு நாடி ஒன்று அறுபட்டு, அதைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். கண்விழித்தவருக்கு நடுக்கத்தைக் காணோம். அந்த நாடி இரத்தம் கொடுத்த இடம் செத்துப்போனதே காரணம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு புள்ளியைச் சுடுவது பரவலானது. லெவோடோபா வந்ததும் அது அமுங்கிப்போனது. 1987இல் பிரான்சின் கிரனோபிளில் பெனபிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அப்படி ஒரு புள்ளியைச் சுடப்போகுமுன் மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது, வேகமான துடிப்புக்கு நடுக்கம் நின்றதைக் கண்டார். சுடாமல், மின்சாரத்தையே விட்டுவைத்தால் என்ன என்று யோசித்தார். 1993இல் அதே குழு மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலமிக் கணுவில் கம்பி வைத்தது. அப்போதுதான் நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் சேர்ந்து இளகின.

விளைவுகள் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறது. மற்ற எந்த முறைக்கும் இந்த அளவு இல்லை. எனக்கு ஆகப் பயன்பட்டது 2009இல் அமெரிக்காவில் 255 பேரை வைத்துச் செய்தது. ஒரு பாதியினருக்குக் கம்பி, மறு பாதியினருக்கு நல்லாகப் பார்த்துக் கொடுத்த மருந்து. ஆறு மாதத்தில் கம்பிக்காரருக்கு, தொல்லையான நெளிவு இல்லாத நல்ல நேரம் நாளுக்கு 4.6 மணித்தியாலம் கூடியிருந்தது. மருந்துக்காரருக்கு அப்படியேதான். அதில் கால்வாசிப் பேர் எழுபதும் அதற்கு மேலும் என்பதையும் கவனிக்கவேண்டும். வயது மட்டும் கதவை அடைப்பதில்லை. நான் மாமாவின் கொப்பியில் ஒரு கிழமையைக் கூட்டிப் பார்த்தேன். 'போன' நேரம் நாளுக்கு நாலு மணித்தியாலம் அளவில் வந்தது.

அதே ஆய்வின் மற்றப் பக்கம்: கம்பிக்காரரில் 40 வீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஏதோ ஒரு பாரதூரமான சிக்கல் வந்தது, மருந்துக்காரரில் 11 வீதம். பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. ஆனால் ஒருவர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். பொதுவாக மூளைக்குள் இரத்தக்கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் என்கிறார்கள். கருவியில் கிருமி ஏறுவது அதைவிடக் கூட. கிருமி ஏறினால் பெட்டியை, சிலவேளை கம்பியையும் சேர்த்து, எடுக்கவேண்டிவரும். இதைச் சொல்லாமல் வீடியோ மட்டும் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

நெடுங்காலக் கணக்கும் வந்துவிட்டது. கம்பி வைத்துப் பதினைந்து வருடம் தாண்டியவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், நெளிவு முக்கால்வாசி குறைந்தே இருந்தது, 'போன' நேரம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, குளிசையும் பாதியாகியிருந்தது. நடையும் பேச்சும் நினைவும் வியாதியின் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதைக் கம்பியின் தோல்வி என்று சொல்லமுடியாது, ஆனால் வீட்டில் பார்ப்பவருக்கு அப்படித்தான் படும். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, சராசரி வயது 52 உள்ள 251 பேருக்கு, சிக்கல் தொடங்கி அதிக காலம் போகாமலே கம்பி வைத்துப் பார்த்தது. இரண்டு வருடத்தில் வாழ்க்கைத் தரம் 26 வீதம் மேம்பட்டது. ஆகவே 'எல்லாம் கைவிட்ட பிறகு ஒப்பரேஷன்' என்ற நம்மூர் வழக்கம் இங்கே பொருந்தாது. எல்லாம் கைவிட்ட பிறகு இது உதவவே உதவாது.

கம்பியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு இடம் உண்டு: சப்தலமிக் கணு அல்லது குளோபஸ் பலிடஸ். உடல் அசைவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். முன்னதில் குளிசையை அதிகம் குறைக்கலாம். பின்னது மனதுக்கும் யோசனைக்கும் கொஞ்சம் மென்மையானது. 299 பேரை ஒப்பிட்ட ஆய்வில் மனச்சோர்வு முன்னதில் சற்றுக் கூடியது, பின்னதில் குறைந்தது. இது வைத்தியர் தீர்மானிக்கும் விஷயம் என்றாலும், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர் வீட்டில் இருந்தால் வாய்திறந்து சொல்லவேண்டும். நாங்கள் இதை மறைக்கிற ஆட்கள். 'அவருக்கு அப்படி ஒண்டும் இல்லை' என்று மாமி கிளினிக்கில் சொன்னதை நான் பிறகு திருத்தவேண்டியிருந்தது.

சூடு

வட்ஸ்அப் வீடியோவுக்கு வருவோம். தலையை முழுக்க மழித்து, சட்டம் ஒன்றை மண்டையில் திருகாணியால் பூட்டி, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட அல்ட்ராசவுண்ட் கதிர்களை ஒரே புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியைச் சூடாக்கிச் சாகவைக்கும் முறை அது. கூப்பரின் பழைய வழிதான். கத்தி மட்டும் போய்விட்டது. துளை இல்லை, கருவி இல்லை, பற்றரி இல்லை. பலன் அங்கேயே தெரியும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வீடியோவை வடிவாகப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது: அந்த மனிதருக்குப் பார்கின்சனே இல்லை. குடும்பங்களில் ஓடும் இன்னொரு நடுக்கம் உண்டு, கோப்பையைத் தூக்கினால் நடுங்கும், சும்மா மடியில் கிடந்தால் நடுங்காது. இந்த முறைக்கு அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்ததும் அதற்குத்தான், 2016இல். பார்கின்சன் நடுக்கத்துக்கு 2018இல், விறைப்பு நெளிவுகளுக்கு 2021இல். மூளையின் நடுவில் உள்ள தலமஸில் சுட்டால் மறுபக்கக் கையின் நடுக்கம் போகும், அவ்வளவுதான். மந்தமும் விறைப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாமாவுக்கு நடுக்கம் சொற்பம். அவருடைய சிக்கல் விறைப்பு. மாமியின் தங்கை மனம் நோகாமல் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

குளோபஸ் பலிடஸில் ஒரு பக்கம் சுட்டுப் பார்த்த 94 பேரின் ஆய்வு 2023இல் வந்தது. மூன்று மாதத்தில் சுட்டவர்களில் 69 வீதம் பேர் முன்னேறினார்கள். சுட்டதுபோல் எல்லாம் செய்து, உண்மையில் சுடாமல் விட்டவர்களில் 32 வீதம். அந்த 32ஐ நான் மறக்கமாட்டேன். மூன்றில் ஒருவருக்கு, செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையே கையைக் காலை இளக்கியிருக்கிறது.

சுட்டதைத் திரும்ப எடுக்கமுடியாது. கம்பியில் பேச்சுக் குழறினால் துடிப்பைக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தவும் செய்யலாம். சுட்ட பிறகு உதடு மரத்தாலும், நடை தள்ளாடினாலும், தானாகத் தீரும்வரை காத்திருக்கவேண்டும். சிலருக்கு அது தீராது. வருடங்கள் போக நடுக்கம் ஓரளவு திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஆபத்து என்பதால், ஒரு பக்கத்தோடு நிறுத்துவதே நெடுங்கால வழக்கம். பார்கின்சன் இரண்டு பக்கமும் வரும் வியாதி. கணக்கு அங்கே இடிக்கிறது. மண்டையோட்டின் அடர்த்தி பொருந்தாதவருக்குக் கதிர் போதியளவு உள்ளே போகாது. அதற்கு முன்கூட்டியே ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். காமா கதிரால் சுடும் முறையும் இருக்கிறது, பலன் தெரிய மாதக்கணக்கு ஆகும்.

இதையெல்லாம் சொன்னாலும் சூடு யாருக்கும் வேண்டாம் என்று இல்லை. ஒரு பக்க நடுக்கமே பெருந்தொல்லை, வயது கூட, நெஞ்சில் பெட்டி வைக்க மனம் இல்லை என்பவருக்கு இது ஒரு வழி. அதோடு, திரும்பத் திரும்பப் பயணம் போகமுடியாதவருக்கும். யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கடைசிக் காரணம் சிறியதல்ல.

சும்மா இருப்பதும் ஒரு தெரிவு

குளிசையோடேயே இருப்பது என்பதைத் தோல்வியாக எடுக்கக்கூடாது. ஆனால் நேரத்தை ஒழுங்காக்கினோமா என்று முதலில் பார்க்கவேண்டும். மாமா பல மாதம் லெவோடோபாவை மத்தியானச் சோற்றோடு, மீன் குழம்போடு சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார். புரதம் அந்த மருந்தோடு குடலில் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் மாற்றியதும் '12.00 குளிசை'க்கான 'வந்தது' நாற்பது நிமிடம் முந்தியது. ஒரு சதமும் செலவில்லை. மலச்சிக்கலைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் முந்தியது. வயிறு நகராவிட்டால் குளிசையும் நகராது.

பூனைக்காலியை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அந்த விதைக்குள் இருப்பதும் லெவோடோபாதான். அதனால்தான் கவனம் வேண்டும்: அளவு தெரியாத லெவோடோபாவை அளந்த லெவோடோபாவுக்கு மேல் ஊற்றினால் நெளிவு கூடும், வைத்தியருக்குக் கணக்குப் பிழைக்கும். எடுப்பதென்றால் அவருக்குச் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும்.

கம்பிக்கும் குளிசைக்கும் நடுவில் பம்ப் இருக்கிறது. தோலுக்கடியில், டோபமின் மாதிரி வேலை செய்யும் அபோமோர்பின் என்ற மருந்தை ஓடவிடுவது, அல்லது வயிற்றில் குழாய் வைத்துச் சிறுகுடலுக்குள் லெவோடோபாக் களியை நாள் முழுக்க விடுவது. மூளையைத் தொடாமல் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். ஆனால் அந்த மருந்து மாதாமாதம் வந்துசேரவேண்டும், வாழ்நாள் முழுக்க. 2022இல் சாதாரணக் குளிசைக்கே பாமசி பாமசியாக அலைந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைப் பட்டியலின் அடியில் வைக்கிறேன்.

நானூறு கிலோமீற்றர்

ஆய்வுகளில் வராத பகுதி இதுதான். கம்பி வைக்கிற நாள் ஒரு நாள்தான்; அதைச் சீரமைக்கிற வேலை வருடக்கணக்கு. கம்பியை இறக்கியதும் சிலருக்கு, பெட்டியைப் போடமுன்னமே, கைகால் இளகிவிடும். கம்பி குத்திய இடத்து வீக்கத்தால் வரும் தற்காலிக இளக்கம் அது. சில கிழமையில் போய்விடும். வீட்டார் பயந்துபோவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: துடிப்பின் அளவைக் கூட்டு, குறை, குளிசையை மாற்று, இரண்டு கிழமை பார், திரும்பி வா. முதல் ஆறு மாதத்தில் பல தரம் போகவேண்டும்.

கொழும்பு நானூறு கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் அளவில். இந்தியா என்றால் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது; ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையில் நெடுங்காலப் பழக்கம் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்குச் சென்னையில் இருந்து இன்னொரு பயணம். செலவில் பெரும் பங்கு கருவிக்கே. இந்தியத் தனியார் ஆசுப்பத்திரிகளில் பத்து இலட்சம் இந்திய ரூபாயைச் சுற்றியும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். நம் காசில் அதற்கு மூன்று மடங்குக்கு மேல். மச்சான் ஒருதரம் தருவார். சாதாரணப் பற்றரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடும். புதுப் பெட்டிக்குத் திரும்ப ஒரு ஒப்பரேஷன், திரும்ப ஒரு காசு. சார்ஜ் போடும் பற்றரி பதினைந்து வருடம் போல வரும், விலை கூட. முதல் செலவு கூடினாலும் நம்மூருக்குச் சார்ஜ் போடுவதே சரி என்பது என் கணிப்பு, அதைப் போடுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால். கரண்ட் போவதற்குப் பயப்படத் தேவையில்லை, ஒரு சார்ஜ் பல நாளுக்குக் காணும். பற்றரி அடியோடு இறந்தால் மட்டும் நடுக்கம் நிமிடங்களில், விறைப்பு மணித்தியாலங்களில் திரும்பும். குளிசையைப் பாதியாகக் குறைத்தவருக்கு அது ஆபத்து.

இணையம் வழியாகத் தூரத்தில் இருந்தே சீரமைக்கும் கருவிகளும் வந்துவிட்டன. மச்சான் கருவியின் பேரைக் கேட்டபோது, இந்த வசதி இலங்கையில் வேலை செய்யுமா என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கோ என்றேன்.

இன்னொன்று, சொந்த அனுபவம். இரண்டு வருடம் முன் மாமா நிமோனியாவோடு ஒரு ஆசுப்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். வாட்டில் மருந்து கொடுக்கும் நேரம் வாட்டின் நேரம். மாமாவின் நேரம் அல்ல. ஒன்பது மணிக் குளிசை பதினொன்றரைக்கு வந்தது. சத்திக்கு மெட்டோகுளோபிரமைட் ஊசி போட்டார்கள். டோபமினை அடைக்கும் மருந்து அது, பார்கின்சன்காரருக்கு ஆகாது. அன்று இரவு அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த வாட்டை நினைத்துக்கொண்டுதான் நான் கம்பியைப் பற்றி யோசிக்கிறேன். நெஞ்சில் பெட்டியோடு அதே கட்டிலில் கிடந்தால்? பிசியோதெரப்பியில் கொடுக்கும் டயதெர்மிச் சூடு கம்பி வழியாக மூளையைச் சுட்டுவிடும், அறவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கக் கருவியின் விதிமுறை பார்க்கவேண்டும். கருவி அட்டையும், ஆகாத மருந்துகளின் பேரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒன்று சேட் பொக்கெற்றில், ஒன்று மாமியின் பையில். ஒப்பரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் மருந்துப் பட்டியலை நாங்கள் இப்போதே எழுதிவிட்டோம்.

எங்கள் வீட்டில் நிற்கும் இடம்

என் எண்ணம் கம்பிப் பக்கம். விறைப்பும் ஏற்ற இறக்கமும் உள்ளவருக்கு, நினைவு தெளிவாக இருக்கும்போது, ஆதாரம் அந்தப் பக்கம்தான் கனக்கிறது. மாமாவுக்கு மறதி தொடங்கியிருந்தாலோ, கிழமைக்கு இரண்டு தரம் விழுகிறவராக இருந்தாலோ, நான் மச்சானிடம் காசை அனுப்பவேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கூடப்போக ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் யோசித்திருப்பேன். மாமி வேண்டாம் என்கிறார், தலையைத் திறக்கிற வேலை என்று. அதுவும் நியாயம்தான், நூற்றில் ஒன்று என்பது அந்த ஒருவரின் வீட்டுக்கு நூறு.

மாமாவிடம் நேராகக் கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. கொப்பியைத் திறந்து விரலை வைத்தார். '3.20 போனது. 5.10 வந்தது.' நாள் தவறாமல் அந்த வரி இருக்கிறது. நாலு மணிக்கு வாசிகசாலையில் பழைய டிப்போக்காரர் கூடுவார்கள், பேப்பர் வாசிப்பும் வாய்ச்சண்டையும். மாமா அங்கே கடைசியாகப் போய் ஒன்றரை வருடம். "எனக்கு அந்த நாலு மணி வேணும். மற்றதை நான் சமாளிப்பன்."

அதை வைத்தியரிடம் அப்படியே சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, முதலில் மூன்று மணிக் குளிசையை இரண்டரைக்குக் கொண்டுவந்து, கூட ஒரு மருந்தும் சேர்த்தார். 'போனது' இப்போது சில நாளில் நாலரைக்குத் தள்ளியிருக்கிறது, சில நாளில் இல்லை. லெவோடோபாச் சோதனைக்குக் கொழும்பில் திகதியும் எடுத்துத் தந்தார். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கிச் சோதனைக்குப் போவதுதான் எங்கள் முதல் யோசனை. பிறகுதான் உறைத்தது, குளிசை இல்லாத இரவை எட்டு மணித்தியாலம் பஸ் சீற்றில் கழிக்கமுடியாது. ஒருநாள் முந்தியே போய் வெள்ளவத்தையில் தங்குகிறோம், தரைத்தளத்தில் அறை கேட்டிருக்கிறது. மாமா அந்தத் திகதிக்கு இப்போதே கோடு போட்டு வைத்துவிட்டார். முதல் வரி, பெரிய எழுத்தில்: '6.00 குளிசை இல்லை.'